புகை விடாத எஞ்சின்

"சித்தி! உனக்கு ஈயம் பற்றவைக்கத் தெரியுமா?"

ஊரிலிருந்து வந்து இறங்கி மூன்று நாள்கூட ஆகாத ஒரு சித்தியைப் பார்த்து ஒரு பத்து வயசுப் பையன் கேட்கக்கூடிய கேள்வியா இது, நீங்களே சொல்லுங்கள்! "மைசூர்பாகு கொண்டு வந்தாயா?" என்று கேட்டால் நியாயம். சென்ற டிசம்பரில் அமெரிக்காவில், நியூ ஜெர்ஸியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளுடைய பிள்ளை என்னை வரவேற்ற அழகு இது.

தெரியும் என்று சொல்லித் தொலைத்தேன். பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் கல்லூரியில் மூன்று வருஷம் பௌதிகம் படித்தவள் நான். பரிசோதனைச் சாலையில் ஈயம் வைத்து, விரலைச் சுட்டுக்கொண்டு, அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த வித்தை இத்தனை காலம் கழித்துக் கடல் கடந்து வந்து பிரயோஜனப்படப் போகிறது என்று யார் கண்டது?

பையன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

அங்கே ஒரு தாத்தா. வயது எண்பத்தெட்டு. மனைவி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறார். கூடத்து மூலையில் ஒரு கிறிஸ்துமஸ் மரம். அதன் அடியில் வட்டமாகத் தண்டவாளம். தண்டவாளத்தின்மேல் ஒரு கறுப்பு எஞ்சின். கையில் எடுத்தால் நல்ல கனம், நம் வீட்டு இரும்புத் தோசைக்கல் மாதிரி. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிப் பொம்மை ரெயில் ஓட விடுவது பழைய வழக்கம். நமக்குக் கொலுவில் பார்க் கட்டுவது எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

"ஓடுகிறது. விளக்கு எரிகிறது. விசில்கூட ஊதுகிறது. புகை மட்டும் வரமாட்டேன் என்கிறது" என்றார் தாத்தா. என்னிடம் நீட்டும்போது அவருடைய கை நடுங்கிற்று. அவரே ஏன் பழுது பார்க்கவில்லை என்று நான் கேட்கவிருந்த கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டேன்.

புகை வராவிட்டால் என்ன குடி முழுகிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தாத்தா ஒரு சிறு கண்ணாடிப் புட்டியை எடுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாகச் சில வில்லைகள், ஹோமியோபதி மாத்திரை போல. ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முன்தினம் இரவு, அவர் மனைவி அந்தப் புட்டியைத் திறந்து, ஒரே ஒரு வில்லையை எஞ்சினின் புகைபோக்கிக்குள் போடுவாளாம். வேறு யாரையும் போட விடமாட்டாளாம். புகை வளையமாகக் கிளம்பிய பிறகுதான் சாப்பாடு. போன வருஷம், அவள் இல்லாத முதல் பண்டிகைக்கு, வந்திருந்த பேரக் குழந்தை ஆசைப்பட்டதே என்று புட்டியைக் கையில் கொடுத்திருக்கிறார். குழந்தை பத்துப் பன்னிரண்டு வில்லைகளை ஒரேயடியாக உள்ளே கொட்டிவிட்டது. அன்றைக்கு நின்ற புகைதான்.

பழுது பார்க்கும் கடை ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினாராம். உள்ளே இருக்கும் புகைப் பெட்டியை அப்படியே எடுத்தெறிந்துவிட்டு வேறு வைத்துத் தருகிறோம், அதுதான் சுலபம் என்றார்களாம். கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தாத்தா எஞ்சினைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

காரணம் என்னவென்றால், அவர் மனைவி கல்யாணத்துக்கு முன் பதினெட்டு வயதில், இதே நியூ ஜெர்ஸியில் இர்விங்டன் என்ற ஊரிலிருந்த லயனல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். இந்த எஞ்சின் அங்கே 1954இல் செய்தது. தன் சம்பளத்தில் தம்பிக்காக வாங்கினாளாம். தம்பி பட்டாளத்துக்குப் போய்விட்டான். எஞ்சின் அவளிடமே தங்கிவிட்டது. அவள் உட்கார்ந்த மேஜையில் எதைக் கோத்தாள், மோட்டாரையா, விளக்கையா, புகைப் பெட்டியையா என்று அறுபது வருஷத்தில் தாத்தா ஒரு தடவையும் கேட்டதில்லை.

"கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும், "ஏண்டி, லீவிலே வந்து உனக்கு இந்த வேண்டாத வேலை தேவையா? உடைச்சுத் தொலைச்சேன்னா அந்த மனுஷர் முகத்திலே நான் எப்படி முழிக்கிறது?" என்றாள். எனக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. ஆனாலும் எஞ்சினை ஒரு துண்டில் சுற்றி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவந்தாயிற்று.

நேயர்களே, இந்தப் பொம்மை எஞ்சினுக்குப் புகை வந்த கதை சுவாரஸ்யமானது. நியூயார்க்கில் 1900இல் ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் ஆரம்பித்த கம்பெனி லயனல். முதல் ரெயில் வண்டியைக் குழந்தைகளுக்காகச் செய்யவில்லை. கடைக்காரர்கள் ஜன்னலில் வைத்துச் சரக்கைக் காட்டுவதற்காகச் செய்தார். பார்க்க வந்தவர்கள் சரக்கை விட்டுவிட்டு வண்டியை விலை கேட்டார்கள்! இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, 1946இல் புகை விடும் எஞ்சின்கள் வந்தன. முதலில் என்ன உபாயம் செய்தார்கள் தெரியுமா? தலையில் ஒரு சிறு குழி வைத்த மின்சார பல்பு. அந்தக் குழியில் அம்மோனியம் நைட்ரேட் வில்லை ஒன்றைப் போட்டால், பல்பின் சூட்டில் அது புகையும். அம்மோனியம் நைட்ரேட் வயலுக்குப் போடுகிற உரமும்கூட. அதன் ஆவி பட்ட இடமெல்லாம் உலோகம் அரித்துவிட்டது. அடுத்த வருஷமே, 1947இல், பல்பை விட்டுவிட்டு, சூடேறும் கம்பிக்கும் வேறு வகை வில்லைக்கும் மாறினார்கள். தாத்தாவின் புட்டியில் இருந்தது அந்த இரண்டாவது வகை.

போட்டிக் கம்பெனியாக இருந்தது அமெரிக்கன் ஃப்ளையர். அதை 1938இல் வாங்கிய ஏ. ஸி. கில்பர்ட், 1908இல் லண்டன் ஒலிம்பிக்ஸில் கழியூன்றித் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றவர். அதோடு மாஜிக் வித்தைக்காரரும்கூட! அவர் வில்லையை நம்பவில்லை, எண்ணெயை நம்பினார். முதலில் புகை செய்யும் சாதனத்தை எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி வண்டிக்குள் ஒளித்து, குழாய் வழியாகப் புகையை முன்னே அனுப்பினார். மாஜிக்காரர் புத்தி அல்லவா?

இன்னொரு சமாசாரமும் சொல்லியாக வேண்டும். 1957இல் லயனலுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. "பெண் குழந்தைகள் ரெயில் வாங்குவதில்லையே, அவர்களுக்கென்று ஒன்று செய்வோம்" என்று ரோஜா நிறத்தில் ஓர் எஞ்சின் செய்து, அதற்குப் பின்னால் இளநீலம், இளமஞ்சள், ஊதா என்று வண்ண வண்ணமாகப் பெட்டிகளைக் கோத்துக் கடைக்கு அனுப்பினார்கள். வாங்க ஆளில்லை. ரெயில் மேல் ஆசைப்பட்ட பெண்ணுக்கு நிஜ ரெயில் மாதிரியே கறுப்பாகத்தான் வேண்டியிருந்தது. ஆசைப்படாத பெண்ணுக்கு ரோஜா நிறம் பூசினாலும் வேண்டியிருக்கவில்லை. (பெண்களுக்கென்றே தனியாக ஏதாவது தயாரிக்கிறவர்கள் முதலில் ஒரு பெண்ணைக் கேட்டுவிட்டுத் தயாரித்தால் என்னவாம்?) அன்று விலை போகாத அந்த ரோஜா எஞ்சின்தான் இன்று சேகரிப்போர் கொள்ளை விலை கொடுத்துத் தேடுகிற சரக்கு. தாத்தாவின் மனைவி அப்போது வேலையை விட்டுவிட்டாளாம். கடை ஜன்னலில் அதைப் பார்த்து, தெருவில் நின்றபடியே சிரியாய்ச் சிரித்தாளாம்.

இருக்கட்டும். எஞ்சினுக்கு வருவோம்.

நிஜ நீராவி எஞ்சின் "குப்... குப்..." என்று புகை விடுவது ஏன் என்றால், பிஸ்டனைத் தள்ளி முடித்த நீராவி புகைபோக்கி வழியாக விட்டு விட்டு வெளியேறுவதால். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு தடவை சுற்றுவதற்குள் நாலு "குப்". பொம்மையிலும் அதேபோல் குப்குப்பென்று வர வேண்டாமா? அதற்காக உள்ளே ஒரு சின்னஞ்சிறு பிஸ்டன். புகைபோக்கிக்கு நேர் கீழே கிண்ணம் மாதிரி ஓர் அறை. அதில் சூடேறும் கம்பி. பக்கத்தில் பிஸ்டன் ஏறி இறங்கும் குழல். இரண்டுக்கும் நடுவில் ஒரு துளை. சக்கரம் சுழலும்போது ஒரு நெம்புகோல் பிஸ்டனை ஆட்டும். பிஸ்டன் காற்றைத் தள்ளும். காற்று துளை வழியாக அறைக்குள் புகுந்து, அங்கே வில்லை உருகிக் கிளம்பும் ஆவியை மேலே உந்திவிடும். துருத்தி வைத்து அடுப்பு ஊதுகிற கதைதான்.

ஆகவே புகை வரவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. சூடு இல்லை, அல்லது காற்று இல்லை. எதையும் கழற்றுவதற்கு முன் இதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். எடுத்த எடுப்பில் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்குகிற ஆண்பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உண்டு, உங்களுக்குத் தெரியாததா?

காற்றுக்குப் பரிசோதனை சுலபம். மெல்லிய காகிதத்தில் ஒரு கீற்று கிழித்துப் புகைபோக்கியின் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். காகிதம் துடிக்க வேண்டும். அசையவே இல்லை. ஆனால் நெம்புகோல் ஒழுங்காக ஆடுவது அடியில் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படியானால் துளை அடைத்திருக்கிறது.

சூட்டுக்கு மல்டிமீட்டர் வேண்டும். அத்திம்பேரிடம் ஒன்று இருந்தது. வாங்கிய நாளாகப் பெட்டியைவிட்டு வெளியே வராதது. புகைப் பெட்டிக்கு மின்சாரம் கொண்டுபோகும் கம்பியைத் தனியாக எடுத்துவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மோட்டாரையும் சேர்த்து அளந்து ஏமாந்து போவோம். அளந்தேன். மீட்டர் சுழி காட்டவில்லை, எண் காட்டவில்லை, எதுவுமே காட்டவில்லை. கம்பி அறுந்திருக்கிறது.

சூடும் இல்லை, காற்றும் இல்லை. என் அதிர்ஷ்டம் அப்படி!

மேல் ஓட்டைக் கழற்ற வேண்டும். சிலவற்றில் ஸ்க்ரூ மட்டும் இருக்கும். சிலவற்றில் குறுக்கே ஓர் ஊசி இருக்கும், அதை மெள்ளத் தட்டி வெளியே எடுக்க வேண்டும். எந்த ஸ்க்ரூ எந்த இடத்தது என்பது கழற்றும்போது தெளிவாக இருக்கும், மாட்டும்போது இருக்காது. ஆகையால் அக்காவின் அஞ்சறைப் பெட்டியைக் கடன் வாங்கி, அறைக்கு அறை தனித்தனியாகப் போட்டு, எது எங்கே என்று காகிதத்தில் எழுதி வைத்தோம். (பெட்டியைத் திருப்பித் தருமுன் மூன்று முறை கழுவினேன். அப்படியும் அக்கா ரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பரிமாறினாள்.)

புகைப் பெட்டியின் மூடியை நாலு தகட்டுக் காதுகள் மடங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. எழுபது வருஷத்துத் தகடு. மெதுவாக, மெதுவாக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிமிர்த்தினேன். மூன்று நிமிர்ந்தன. நாலாவது "டிக்" என்று ஒடிந்து மேஜைமேல் விழுந்தது.

பையன் என்னைப் பார்த்தான். நான் பையனைப் பார்த்தேன். சமையலறையில் அக்காவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"ஒன்றும் இல்லை, அக்கா!" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

மூடியைத் திறந்து பார்த்தால், நெய் காய்ச்சின பாத்திரத்தின் அடிபோல் பழுப்பும் வெளுப்புமாக உறைந்து கெட்டியாகி, அறை முழுக்க நிரம்பி நின்றது வில்லைக் குழம்பு. கம்பி அதற்குள் புதைந்து கிடந்தது. துளை எங்கே என்றே தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு ஜாக்கிரதை சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் சூடேறும் சாதனங்களில் கல்நார் வைப்பது சர்வ சாதாரணம். அதன் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குப் பெரிய கெடுதல் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆகையால் பழைய சாமானைத் திறந்தால், நார் நாராக எதைக் கண்டாலும் வாயால் ஊதாதீர்கள், உலரச் சுரண்டாதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். குழந்தையைத் தள்ளி உட்கார வையுங்கள். நான் பையனை மேஜையின் மறு கோடிக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தேன்.

சுரண்டுவதற்குக் கத்தி வேண்டாம். பல்குத்தும் மரக்குச்சி போதும். அரை மணி நேரம் ஆயிற்று. அடைத்திருந்த துளையைக் கடைசியில் என் புடவை ஊக்கு திறந்து வைத்தது. பிஸ்டனை விரலால் அசைத்ததும் துளை வழியாகக் காற்று வந்து என் நெற்றி மயிர் ஆடிற்று. "காத்து வந்துடுத்து!" என்று பையன் மேஜையைச் சுற்றி ஓடினான்.

இனிக் கம்பி. அது நிக்ரோம் கம்பி: நிக்கலும் குரோமியமும் கலந்தது, நம் வீட்டு மின்சார அடுப்பின் சுருள் என்ன ஜாதியோ அதே ஜாதி. நூலைவிட மெல்லிசு. நடுவில் இற்றுப்போய் இரண்டு துண்டாகிக் கிடந்தது. முடிச்சுப் போட்டு ஒப்பேற்ற முடியாது. முடிச்சுப் போட்ட இடம் மட்டும் அதிகமாகக் காய்ந்து மறுபடி அங்கேயே அறும்.

இங்கேதான் தாத்தாவைக் கேட்காமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. இரண்டு வழி இருந்தது. ஒன்று, இக்காலத்து முறை: சுருளை எடுத்துவிட்டு ஒரு சிறு ரெஸிஸ்டரை வைத்து, மேலே கண்ணாடி இழைப் பஞ்சு வைத்து, புகை எண்ணெய் நாலு சொட்டு விடுவது. 27 ஓம் ரெஸிஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 வோல்ட் கொடுத்தால் சுமார் அரை ஆம்பியர் ஓடும். ஏழு வாட் சூடு. சிறிய ராவிளக்கு அளவுதான். ஆனால் அந்தச் சின்ன இடத்துக்கு அது தாராளம். புகையும் மேகம் மாதிரி வரும். ஆனால் அப்புறம் அந்த எஞ்சினில் வில்லை போட முடியாது. இரண்டாவது வழி, பழைய மாதிரியே புதுச் சுருள் வாங்கி வைப்பது. புகை கொஞ்சம் மட்டாகத்தான் வரும். ஆனால் வில்லை போடலாம்.

தாத்தா புட்டியைச் சாய்த்து வில்லைகளை மேஜையில் கொட்டி எண்ணினார். ஏழு.

"புதிதாகவும் செய்து விற்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்" என்றார். பிறகு ஏழையும் ஒவ்வொன்றாகப் புட்டிக்குள் திரும்பப் போட்டார். "எனக்கு ஏழு போதும். கம்பியே வையுங்கள்."

"பெட்டி அதேதான் இருக்கும். பிஸ்டனும் அதே. கம்பி மட்டும் புதிது" என்று நான் சொன்னேன்.

"அறுந்த கம்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்" என்றார்.

பழைய எஞ்சின்களின் உதிரி பாகம் விற்கிற வியாபாரி ஒருவரிடமிருந்து தபாலில் சுருள் வர நாலு நாள் ஆயிற்று. மாட்டும்போது தெரிந்துகொள்ள வேண்டிய ரகசியம் ஒன்று உண்டு. பையன் என்னிடம் முதலில் கேட்ட கேள்வியை நினைவு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? நிக்ரோம் கம்பியில் சாதாரண ஈயம் ஒட்டாது! எவ்வளவு பிரயாசைப்பட்டாலும் முத்து முத்தாக உருண்டு விழும். ஆகவே சுருளின் முனையையும் தாமிரக் கம்பியின் முனையையும் சேர்த்து முறுக்கி, ஒரு குட்டிப் பித்தளைக் குழலுக்குள் விட்டுக் குறடால் நசுக்கிவிட வேண்டும். தாமிரக் கம்பியின் மறு முனையில்தான் ஈயம் வைக்கலாம். அங்கே வைத்தேன். விரலையும் சுட்டுக்கொண்டேன். இந்தத் தடவை மதிப்பெண் போட யாரும் இல்லை.

சுருளின் ஒரு முனை மட்டும் பெட்டியின் உலோகத்தைத் தொட வேண்டும். நடுவில் எங்கேயாவது பட்டுவிட்டால் மின்சாரம் குறுக்கு வழியில் ஓடிவிடும். அதனால் மூடுவதற்கு முன்பே ஒரு தடவை மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். பத்து வோல்ட், சில விநாடி. கையைக் கிட்டே கொண்டுபோனால் சூடு தெரிந்தது. அணைத்துவிட்டோம். ஒடிந்த காதுக்குப் பதிலாக மெல்லிய எஃகுக் கம்பியால் மூடியைச் சுற்றிக் கட்டினேன். அழகில்லைதான். ஓட்டை மாட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தாத்தாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அவளும் அதை ஒடித்திருப்பாள்" என்றார்.

உங்களில் சிலர் வீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த பொம்மை எஞ்சின் இருக்கலாம். அதனால் நாலு வார்த்தை. ஜெர்மன் எஞ்சின் என்றால் அதில் அநேகமாக ஸாய்த்தே என்ற பெயருள்ள குட்டிக் குழல் இருக்கும். அதைப் பிரிக்க முடியாது. கெட்டால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் பல சமயம் அது கெட்டிருக்காது. வழிய வழிய எண்ணெய் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அத்தனை எண்ணெயையும் கொதிக்க வைக்கிற சூடு அதற்கு ஏது? காகிதத்தைத் திரியாகத் திரித்து உள்ளே விட்டு, கொஞ்சம் எண்ணெயை உறிஞ்சி எடுங்கள், புகை வந்துவிடும். எண்ணெயே இல்லாமல் ஓட்டினாலோ கம்பி கருகிப் போகும். அமெரிக்க எஞ்சினானால், அதோடு வரும் டிரான்ஸ்ஃபார்மர் அந்த ஊர் 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் நேரே செருகினால் எஞ்சின் புகை விடாது, டிரான்ஸ்ஃபார்மர் விடும்.

முக்கியமாக, புகை எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எதையாவது ஊற்றிப் பார்க்காதீர்கள். முதலாவது கருகிப் பிசினாகும், இரண்டாவது தீப்பிடிக்கும். புகை எண்ணெயையே மருந்து அலமாரியைப் போல் பூட்டி வையுங்கள். விளக்கெண்ணெய்ப் புட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பாரபின் வகை எண்ணெய் அது. குழந்தை குடித்துப் புரையேறினால் நுரையீரலுக்குள் போய்விடும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். புகை விடும்போது ஒரு ஜன்னலையாவது திறந்து வையுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன்தினம் இரவு நாங்கள் நாலு பேரும் அடுத்த வீட்டுக்குப் போனோம். வெளியே பனி. அக்கா புளியோதரையும் வடையும் கொண்டுவந்திருந்தாள். தாத்தாவுக்கு வடை பிடிக்கும்.

எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்தேன். தாத்தா புட்டியைத் திறந்து ஒரு வில்லையை எடுத்தார். புகைபோக்கி வாய் பட்டாணி அளவு. அவர் கையோ நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை முயன்றார். பிறகு பையனைப் பார்த்து, "நீ போடு" என்றார்.

பையன் பயபக்தியோடு வாங்கினான். குனிந்தான். வில்லை அவன் விரலிலிருந்து நழுவித் தரையில் குதித்து உருண்டு, சோபாவுக்கு அடியில் மறைந்தது.

யாரும் பேசவில்லை. அத்திம்பேர் சட்டென்று தரையில் படுத்துவிட்டார். அக்கா டார்ச் விளக்கைப் பிடித்தாள். நான் சோபாவின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். பையன் உள்ளே புகுந்தான். தூசி, ஒரு பொத்தான், ஒரு பென்ஸில், அப்புறம் ஒரு தலைமயிர் ஊசி எல்லாம் வெளியே வந்தன. ஊசியைத் தாத்தா வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் வில்லையும் வந்தது. ஊதித் துடைத்து, இந்தத் தடவை பையன் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, சரியாக உள்ளே போட்டான்.

தாத்தா கறுப்புப் பெட்டியின் பிடியைத் திருப்பினார். எஞ்சின் கிளம்பிற்று. ஒரு சுற்று, ஒன்றுமில்லை. இரண்டாவது சுற்று, ஒன்றுமில்லை. என் அடிவயிற்றில் என்னவோ செய்தது. மூன்றாவது சுற்றில் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தபோது, புகைபோக்கியில் நூல் மாதிரி ஏதோ அசைந்தது. விளக்கைக் குறைக்கச் சொன்னார் தாத்தா. அணைத்தோம். மரத்தின் சிறு விளக்குகளின் வெளிச்சத்தில், குப்... குப்... என்று வெள்ளையாக, சின்னச் சின்ன உருண்டைகளாக வந்துகொண்டே இருந்தது.

தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து, அது தன் பக்கம் வரும்போதெல்லாம் மூச்சை இழுத்து முகர்ந்துகொண்டிருந்தார்.

"தாத்தா, இன்னொண்ணு போடட்டுமா?" என்று கேட்டான் பையன்.

அவர் புட்டியை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே இருந்த ஆறையும் பார்த்தார். பிறகு மூடியை இறுக்கித் திருகி அலமாரியில் வைத்தார். அறுந்த கம்பியை நான் போட்டுக் கொடுத்திருந்த மாத்திரைக் குப்பியும் அங்கேதான் இருந்தது.

"முதலில் சாப்பிடலாம்" என்றார்.